காயில்தான் போயிருக்கும்

தெருவில் ஒரு கார் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால், அதைத் தாண்டிப் போக முடியாமல் கால் பின்னிக்கொள்கிற மனிதர்கள் சிலர் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் காய்கறிப் பை இருக்கும், அந்தக் கத்திரிக்காய்க்காக வீட்டில் குழம்பு காத்துக்கொண்டிருக்கும், ஆபீசுக்கு ஏற்கெனவே அரை மணி நேரம் தாமதமாகியிருக்கும். ஆனாலும் நிற்பார்கள், பையைத் தரையில் வைப்பார்கள், வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு இன்ஜினை ஒரு முறை, வண்டிக்காரரை ஒரு முறை, மறுபடியும் இன்ஜினை ஒரு முறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். பிறகு தீர்ப்பு.

"காயிலுதான் போயிருக்கும்."

காயில் என்பது பேட்டரியிலிருந்து வருகிற சின்னக் கரண்டைப் பெரிய கரண்டாக்கித் தருகிற உருளை டப்பா. அது பானெட்டுக்குள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இவர்களைக் கேட்டுவிடாதீர்கள். மனசு நோகும்.

இவர்கள் எல்லாச் சாதியிலும், எல்லா மதத்திலும், எல்லாத் தெருவிலும் பிறக்கிறார்கள். எங்கள் கள்ளக்குறிச்சியில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று சுவரெல்லாம் எழுதி, சாலையெல்லாம் மறித்து, டீக்கடையெல்லாம் அடிதடியாகிக் கிடந்த அந்த எண்பதுகளின் கடைசியில், எந்த ஒதுக்கீடும் இல்லாமலே எல்லா இடத்தையும் பிடித்து வைத்திருந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். எங்கள் தெருவின் இடத்தைப் பிடித்திருந்தவர் காசிநாதன்.

காசிநாதனுக்குக் கார் கிடையாது. இருந்ததும் கிடையாது. கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குச் சீட்டு எழுதுவது அவர் உத்தியோகம். ஒரு சைக்கிள் வைத்திருந்தார். அதன் செயின் கழன்றால் மாட்டுவதற்குக் கூட வழியில் போகிற யாரையாவது கூப்பிடுவார். ஆனால் கார் என்று வந்துவிட்டால் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டெஸ்டர் வெளியே வரும், மடித்து மடித்துக் கிழிந்துபோன உப்புத்தாள் ஒன்று வெளியே வரும், கூடவே கல்வராயன் மலைக் கதையும் வெளியே வரும். வெள்ளிமலைக்குப் போகிற ஏற்றத்தில், நடுக்காட்டில், நின்றுபோன ஒரு ஜீப்பை அவர் ஒற்றை ஆளாக உயிர்ப்பித்த கதை. அந்த ஜீப்பில் போன ஒருவரை நான் பின்னால் சந்தித்தேன். பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டி அது. காசிநாதன் இரண்டு மணி நேரம் பிளக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாராம். அதற்குள் யாரோ கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்களாம். ஊற்றியதை அவர் பார்க்கவில்லை. பாவம், தலை உள்ளே இருந்தது.

இனி ஹயாத் பாஷாவுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்; என் வீட்டுக்கு நேர் எதிரே அவர் வீடு. பாண்டிச்சேரியில் யாரோ ஓட்டித் தேய்த்த ஓர் அம்பாசிடரை வாங்கி வைத்திருந்தார். அந்த வருடம் தர்காவில் சந்தனக்கூடு நடந்தபோது, கூட்டிலிருந்து வந்த சந்தனத்தைக் கொஞ்சம் வாங்கி, வழக்கப்படி வண்டியின் நெற்றியில் வைத்தார். பக்கத்தில் காசிநாதன் நின்றார். நிற்காமல் இருப்பாரா? "இன்னா பாய், வெளிய வெச்சா ஆச்சா? வண்டிக்கு உசுரு உள்ளதான இருக்குது" என்று பானெட்டைத் தூக்கச் சொல்லி, கிண்ணத்தை வாங்கி, கண்ணில் பட்ட உறுப்புக்கெல்லாம் தன் கையாலேயே அப்பினார். ஒரு சாமிக்குச் செய்கிறதை இன்னொரு சாமிக்கும் செய்கிற நல்ல மனசு என்று நாங்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டோம். அதுவும் உண்மைதான். அந்த மனசைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

பதினைந்து நாள் கழித்து ஹயாத் பாஷாவின் மகள் அஸ்ரினுக்குக் கடலூரிலிருந்து கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. காலை பத்து மணிக்கு நேரில் வர வேண்டும். வராதவர் இடம் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போகும். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் அவள். ஆனால் கடிதத்தில் போட்டிருந்த அதே காலையில்தான் ஒரு வாரச் சாலை மறியலும் தொடங்கப் போகிறது. முந்தின மத்தியானமே பஸ்களையெல்லாம் டிப்போவுக்குள் தள்ளிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் உளுந்தூர்பேட்டைச் சாலையில் மரம் சாயும் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆகவே ஹயாத் பாஷாவின் திட்டம் எளிமையானது: மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்பாசிடரில் கிளம்புவது, ஆறு மணிக்குள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டுவது, கடலூரில் மைத்துனர் வீட்டில் தங்குவது. மகள் ஒரு டீச்சராவது.

கிளம்ப வேண்டிய அன்று விடியலிலிருந்தே மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. தூறலும் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்குப் பெட்டியை ஏற்றிவிட்டு ஹயாத் பாஷா செல்ஃப் அடித்தார். வண்டி கர்ர் என்றது. மறுபடி அடித்தார். மறுபடி கர்ர். இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

அவருடைய மனைவி மெகருன்னிசா வாசலிலிருந்தே சொன்னார்: "இன்னாங்க, பஸ் ஸ்டாண்டாண்ட வீரமுத்து ஷெட்டு இருக்குதில்ல, அவர இட்டுக்கினு வந்துருங்க. மூணு மணிக்கு அவரும் கச்சிராயபாளையம் போயிடுவாரு."

வீரமுத்து தொழில் தெரிந்த மெக்கானிக். நடந்தால் பத்து நிமிடம். ஹயாத் பாஷா செருப்பில் கால் நுழைத்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து, கத்திரிக்காய்ப் பையோடு, காசிநாதன்.

"இன்னா பாய், மக்கர் பண்ணுதா?"

"ஒண்ணுமில்ல சார், வீரமுத்துவ ஒரு நட..."

"வீரமுத்துவா! நாம இன்னா செத்தா பூட்டோம்?"

அவ்வளவுதான். பை தரைக்கு வந்தது, வேட்டி மேலே போனது. ஹயாத் பாஷாவின் கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது. ஏன் வந்தது என்று கேட்கிறீர்களா? இவ்வளவு ஆசையாக வந்து நிற்கிறவரிடம், வேண்டாம் ஐயா, தெரிந்தவனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? இந்த ஆட்கள் வாழ்வதே நம்முடைய அந்த மரியாதையைத் தின்றுதான்.

தலை உள்ளே போனது. பெருமூச்சு வந்தது. "காயிலுதான் போயிருக்கும்."

சோதனை தொடங்கியது. டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று உண்டு; காயிலிலிருந்து வருகிற கரண்டை, இன்ஜினுக்குள் பொறி தட்டுகிற நாலு பிளக்குக்கும் பங்கு போட்டு அனுப்புகிற சாதனம், மேலே கறுப்பாக ஒரு மூடி. அந்த மூடியின் நடுவில் வந்து சேருகிற காயில் ஒயரைப் பிடுங்கி, இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அடிங்க பாய் செல்ஃப்ப" என்றார் காசிநாதன். அடித்தார். படீரென்று நீலமாக ஒரு பொறி பாய்ந்து, இன்ஜினை விட்டுவிட்டு அவர் விரலைப் பிடித்தது. காசிநாதன் இரண்டடி உயரம் குதித்தார்.

ஜவுளி எடுக்க வந்து, வேடிக்கையில் மாட்டிக்கொண்ட கந்தசாமி என்ற கரும்பு விவசாயி, "கரண்ட் நல்லாத்தானங்க வருது?" என்றார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். காயிலிலிருந்து இவ்வளவு பெரிய பொறி வந்தால் காயிலுக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வருது," என்றார் காசிநாதன் விரலைச் சப்பிக்கொண்டே. "ஆனா வர்றது நல்ல கரண்ட் கெடையாது."

நல்ல கரண்ட், கெட்ட கரண்ட்! இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? மறியலுக்குப் பயந்து, எந்தச் சவாரியும் வேண்டாமென்று தெருக்கோடியில் நிறுத்திவைத்திருந்த தனசேகரனின் டாக்சியிலிருந்து காயிலைக் கழற்றி வந்து மாட்டினார்கள். கழற்ற அரை மணி, மாட்ட அரை மணி. செல்ஃப் அடித்தார்கள். கர்ர்.

"அப்ப பிளக்குதான்," என்றார் காசிநாதன், கொஞ்சமும் கூச்சமில்லாமல். இந்த ஆட்களுக்கு ஒரு நோய் தப்பினால் வருத்தம் வராது. அடுத்த நோய்க்கு இடம் கிடைத்ததே என்று முகம் மலரும்.

நாலு பிளக் ஒயரையும் ஒரே பிடியாகப் பிடுங்கப் போனபோது அஸ்ரின் கிட்டே வந்தாள். ஊருக்குக் கிளம்புகிற புதுத் தாவணி, கையில் சான்றிதழ்க் கோப்பு. "மாமா, எந்த ஒயரு எதுக்குன்னு குறிச்சிக்கலாமா?"

"ஏம்மா, எனக்குத் தெரியாதா? நீ போயி இண்டர்வீவுக்குப் படி."

அவள் போகவில்லை. கடிதத்தின் உறையைத் திருப்பி, பேனாவால் என்னவோ கிறுக்கிக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். காசிநாதன் பார்க்கவில்லை, அவர் பிளக்குகளை வேட்டி முனையில் முடிந்துகொண்டு மெகருன்னிசாவின் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார். பிளக்கை நெருப்பில் சுட்டால் நோய் தீரும் என்பது வைத்தியம். தாளிச்சா என்கிற பருப்புக் குழம்புக்கு ஏற்றிய அடுப்பில் நாலு பிளக்கும் வெந்தன.

"இதுவும் அடுப்புல வெக்கிற சாமானா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார் மெகருன்னிசா. "மணி ரெண்டே கால் ஆவுதுங்க. வீரமுத்து..."

"இதோ ஆச்சிம்மா."

'இதோ ஆச்சு.' இந்த இரண்டு சொற்களால் இந்த நாட்டில் எத்தனை ரயில் போயிருக்கிறது, எத்தனை முகூர்த்தம் தப்பியிருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும்.

சுட்ட பிளக்கை மாட்டி, ஒயரைச் செருகி, செல்ஃப் அடித்தபோது மணி மூன்று பத்து. கர்ர். இப்போது ஹயாத் பாஷா வாய் திறந்தார், "சார், நான் ஒரு எட்டு போயி..." என்று ஓடினார். போன வேகத்திலேயே திரும்பினார். ஷெட்டில் பூட்டு. வீரமுத்து பத்து நிமிடம் முன்னால்தான் யாரோ ஒருவருடைய டிராக்டரில் தொற்றிக்கொண்டு போனாராம்.

"போனாப் போவட்டும் பாய். அவன் வந்தாலும் இத்ததான் செய்யப் போறான்," என்றார் காசிநாதன்.

அடுத்து உப்புத்தாள் வெளியே வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே கரண்டை விட்டுவிட்டுத் தொடுகிற சின்ன முனையான பாயிண்ட்டைத் தேய்த்தார். தேய்த்தார் என்றால், வீட்டு வெண்கலப் பானையைத் தேய்க்கிற தேய்ப்பு. மூடியை மூடினார். மூடும்போது அதன் மேல் இருந்த சந்தனம் ஈரத்தில் இளகி அவர் கட்டைவிரலில் ஒட்டியது. அதைப் பயபக்தியோடு தன் நெற்றியில் இட்டுக்கொண்டார்.

தூறல் வலுத்தது. ஒரு கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து பானெட்டின் மேலிருந்து தொங்கவிட்டோம். ஒரு முனையைக் கந்தசாமியும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டோம். உள்ளே இருட்டானது. ஹயாத் பாஷா செல்ஃப் அடித்தார். அஸ்ரின் போர்வைக்குள் தலையை நுழைத்திருந்தாள்.

"மாமா, அந்த மூடி மேல நீல நீலமா ஓடுது."

"அது ஓடணும்மா. ஓடுனாத்தான் வண்டி."

"ஒயருக்குள்ள ஓடலிங்க மாமா. சந்தனத்து மேல ஓடுது."

"ஏதோ சந்தனக்கூடு வாசம் வருதே," என்றார் வாசலிலிருந்து மெகருன்னிசா.

"தர்கா அவுலியா கிருபை," என்றார் காசிநாதன். "வண்டி கெளம்பப் போவுதுன்னு அர்த்தம்."

கருகின சந்தனத்தின் வாசனை அது. காய்ந்திருந்தவரை தொல்லை தராத பூச்சு, காலையிலிருந்து ஈரம் குடித்துக் குடித்து, பிளக்குக்குப் போக வேண்டிய கரண்டையெல்லாம் மூடியின் மேலேயே வழித்துக் கொண்டுபோய் இரும்பில் விட்டுக்கொண்டிருந்தது. பூசினவர் யார்? சொல்ல வேண்டியதில்லை. அஸ்ரினும் சொல்லவில்லை, பெரிய மனிதரின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வாள்? காசிநாதன் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்தாள். அவர் போக நாலே முக்கால் ஆனது. உலர்ந்த துணி கொண்டுவந்து மூடியைத் துடைத்தாள், ஒயரின் கழுத்தைத் துடைத்தாள், அடுப்படி அனலில் துணியைக் காட்டி மறுபடி துடைத்தாள். "அத்தா, இப்ப அடிங்க."

அடித்தார். டமார்!

சாதாரண டமார் இல்லை. சைலன்சரிலிருந்து குண்டு போட்டதுபோல ஒரு சத்தம். மறியலுக்கு முந்தின சாயங்காலம், எங்கே துப்பாக்கிச் சூடு நடக்குமோ என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த நேரம். ஒரு நொடியில் தெரு முழுக்கக் கடை ஷட்டர்கள் இறங்கின. மளிகைக்கடைக்காரர் வாடிக்கையாளரை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார். டீக் கிளாசோடு ஓடிவந்த காசிநாதன் துணியைப் பார்த்தார், அஸ்ரினைப் பார்த்தார்.

"யாரு கை வெச்சது? பாத்தீங்களா பாய்? நல்லா இருந்த வண்டி. தொட்டுக் கெடுத்துருச்சி புள்ள!"

நல்லா இருந்த வண்டி. நாலு மணி நேரமாக ஓடாத வண்டி. எனக்கு வந்த கோபத்தில் போர்வையை அவர் தலையில் போட்டிருக்கலாம். போடவில்லை. நானும் மரியாதை தெரிந்தவன்.

அந்தப் பெண் கண் கலங்கினாள், ஆனால் நகரவில்லை. கடித உறையைத் திருப்பிப் பார்த்தாள். பிடுங்குவதற்கு முன் எந்த ஒயர் எந்தப் பிளக்கில் இருந்தது என்று அதில் படம் போட்டிருந்தது. காசிநாதன் இரண்டு ஒயர்களை இடம் மாற்றிச் செருகியிருந்தார். பொறி இல்லாதவரை அது யாருக்கும் தெரியவில்லை. பொறி வந்ததும் தப்பான நேரத்தில் வெடித்தது. அவள் இரண்டையும் மாற்றினாள். ஹயாத் பாஷா செல்ஃப் அடித்தார். அம்பாசிடர் ஒரு இருமல் இருமி, பிடித்துக்கொண்டது.

மணி ஐந்து நாற்பது.

கிளம்பும்போது முன் சீட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? "வழியில ஏதாச்சும்னா யாரு பாக்குறது பாய்?" அஸ்ரினும் மெகருன்னிசாவும் பின்னால் உட்கார்ந்தார்கள். மற்றதை ஹயாத் பாஷா பிறகு என்னிடம் சொன்னார். வழியெல்லாம் காசிநாதன் இன்ஜின் சத்தத்துக்குக் காது கொடுத்து, "பாத்தீங்களா, பாயிண்ட்ட தேச்சதும் எப்புடி போவுது!" என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே, எலவனாசூர்க்கோட்டையைத் தாண்டினதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. அங்கே நின்றவர்கள் கெட்டவர்கள் இல்லை, பின் சீட்டில் பெண்களைப் பார்த்ததும் ஒருவர் கிட்டே வந்து மரியாதையாகத்தான் சொன்னாராம்: "ஒரு இருவது நிமிசம் முந்தி வந்திருந்தா போயிருக்கலாங்க பாய். இனிமே ஒரு வாரத்துக்கு நாங்களே நெனச்சாலும் நகத்த முடியாது."

இருபது நிமிடம். யாருக்கு எத்தனை இடம் என்று மாநிலமே மோதிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், எங்கள் தெருவுக்குக் கிடைத்திருந்த ஒரே ஓர் இடம், உப்புத்தாளுக்கும் அடுப்பில் வெந்த பிளக்குக்கும் நடுவில் போய்விட்டது. கடலூரில் தேதியை மாற்றவில்லை. பட்டியலில் அடுத்திருந்தவருக்கு இடம் போனது. அஸ்ரின் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

காசிநாதன் பேசினார். மறியல் முடியும்வரை வாசலுக்கு வாசல் பேசினார். "அன்னிக்கி மட்டும் நான் பொறுமையா பாக்காம வண்டிய ஓடவுட்டிருந்தன்னு வையி, நடுரோட்டுல பொம்பளைங்கள வெச்சிக்கினு பாய் மாட்டிக்கினு இருப்பாரு. எல்லாம் நல்லதுக்குத்தான்." இதை அவர் ஹயாத் பாஷாவிடமே சொன்னார். ஹயாத் பாஷா தலையாட்டி, டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அடுத்த வருடம் அஸ்ரின் மறுபடி விண்ணப்பம் போட்டாள். மறுபடி கடிதம் வந்தது. மூன்று நாள் முன்னதாகவே, விடிகிற நேரத்தில், பஸ்ஸில் போய்விட்டாள். போவதைத் தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அது கொஞ்சம் உறைத்தது.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. 'காசிநாதன் சந்தனத்தை அப்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கோளாறு அங்கேதான்' என்கிறீர்கள். சிலர் கண்டென்சர் என்று நினைத்ததாகவும், எப்படியும் காயில் இல்லை என்று முதலிலேயே பிடித்துவிட்டதாகவும் சொல்கிறீர்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். வீரமுத்துவின் ஷெட் மூன்று மணி வரை திறந்துதான் இருந்தது, பத்து நிமிட நடை. நோயைக் கண்டுபிடிக்கிற சுவாரசியத்தில், யாராவது ஓடிப்போய் அந்த ஆளைக் கூட்டி வாருங்களேன் என்று உங்களுக்கு ஒரு முறையாவது தோன்றியதா? எனக்குத் தோன்றவில்லை, நான் முதலில் வேடிக்கை பார்த்தேன், பிறகு போர்வை பிடித்தேன்.

நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும். கையில் இருக்கிற பையைத் தரையில் வைக்காமல் போய்விடுங்கள், பார்க்கலாம்.